வெள்ளம் மூன்று நாள், கடன் மூன்று போகம்

உடைந்த பாலம் திரும்ப வந்துவிட்டது. அடகுக்குப் போன நகை வரவில்லை. டிட்வா புயலின் நட்டக் கணக்கில் விசுவமடு எங்கே நிற்கிறது?

பரந்தனில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகிற இடத்தில் விசுவமடு. இங்கே விளைகிற நெல், கச்சான், மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் கிளிநொச்சிச் சந்தைக்கும் அதற்கு அப்பாலும் போவது இந்த ஏ35 வீதியால்தான். பசளை மூடையும் சீமெந்தும் மருந்தும் உள்ளே வருவதும் இதே வழியால்தான்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் இந்த வீதியின் பாலம் ஒன்று கிளிநொச்சி மாவட்டத்துக்குள் உடைந்தது. மற்றப் பக்கத்துப் பெருவீதி என்றால் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று சுற்றி மாங்குளத்தில் போய் ஏ9ஐத் தொடவேண்டும். லொறிக்காரருக்கு அது கூடுதல் டீசல். அந்த டீசல் காசைக் கடைசியில் விளைவித்தவரின் விலையில்தான் கழிப்பார்கள்.

பாலத்தின் கதை நல்லபடியாக முடிந்தது. 120 அடி நீளமும் 110 தொன் எடையும் கொண்ட பெய்லி பாலம் ஒன்று இந்தியாவிலிருந்து சி-17 விமானத்தில் வந்தது. இந்திய இராணுவப் பொறியியல் அணி அதைப் பொருத்த, இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரும் இலங்கை வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத்தும் டிசம்பர் 23 அன்று திறந்து வைத்தார்கள். உடைந்ததைப் பார்க்கலாம், அளக்கலாம், திருத்தலாம், திறந்தும் வைக்கலாம். ஒரு பேரிடரின் பொருளாதாரத்தில் இந்தப் பகுதி மட்டுமே இப்படிக் கண்ணுக்குத் தெரியும்.

கண்டிக்கு ஒரு கணக்கு, வன்னிக்கு ஒரு கணக்கு

டிட்வாவால் இலங்கைக்கு நேரடியாக ஏற்பட்ட பௌதிகச் சேதம் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி 2025 டிசம்பரில் மதிப்பிட்டது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது ஏறத்தாழ 4 சதவீதம். இதில் வீதி, பாலம், புகையிரதப் பாதை, நீர் விநியோகம் போன்ற உட்கட்டமைப்புக்கு 1.7 பில்லியன் டொலருக்கு மேல். வீடுகளுக்கு 985 மில்லியன். விவசாயத்துக்கு 814 மில்லியன். மாவட்ட வரிசையில் கண்டி முதலிடம், 689 மில்லியன் டொலர். அங்கே மலை சரிந்து ஊர்களே புதைந்தன. அந்த இழப்பின் பெரும்பகுதியை எந்தத் தொகையாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆனால் இப்படியான மதிப்பீடு ஒவ்வொன்றும் ஒரே விதியில்தான் நடக்கிறது: எது விழுந்ததோ அதன் விலை. மாடி வீடு விழுந்தால் பெரிய தொகை, தகரக் கொட்டில் விழுந்தால் சின்னத் தொகை. கையில் குறைவாக இருந்தவர் இழந்ததும் குறைவு என்று தாள் சொல்லும். இருந்த ஒரு பசுவும் செத்தவருக்கும், நூறு கோழியில் பத்துச் செத்தவருக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

பொருளியலாளர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஸ்டெஃபான் ஹாலகாட் தலைமையில் உலக வங்கியே 2016இல் வெளியிட்ட ஆய்வு, சொத்துச் சேதத்தை விட்டு வாழ்க்கைச் சேதத்தை அளக்கப் பார்த்தது. இயற்கைப் பேரிடர்களால் மக்களின் நுகர்வு ஆண்டுதோறும் 520 பில்லியன் டொலருக்குச் சமமாக வீழ்கிறது. ஆண்டுதோறும் 2 கோடி 60 லட்சம் பேர் வறுமைக்குள் தள்ளப்படுகிறார்கள் என்பது அதன் முடிவு. சாப்பாட்டைக் குறைத்தது, பிள்ளையின் படிப்பை நிறுத்தியது, வட்டிக்கு வாங்கியது ஆகியவையும் சேதம் என்று அது ஒப்புக்கொண்டது. விசுவமடுவின் நட்டமும் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

ஓர் ஏக்கர் வயல்

காலபோக வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐப்பசியில் மழை பார்த்து விதைத்தது. கார்த்திகைக் கடைசியில் பயிருக்கு முப்பது, நாற்பது நாள். முதல் பசளை போட்டாயிற்று, களைக்கு எண்ணெய் அடித்தாயிற்று, செலவின் பெரும்பகுதி மண்ணுக்குள் போயாயிற்று. வரவு மட்டும் தை, மாசிக்கு நிற்கிறது. வன்னியில் வெள்ளம் வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

குருத்து தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பயிர் பிழைக்கும். நாள் கணக்கில் முற்றாக மூழ்கிக் கிடந்தால், வெள்ளம் வடியும்போது இலை முழுக்கச் சேறு பூசி, அடி அழுகி, கையால் இழுத்தால் தனியாக வரும். வரம்புகள் வெட்டுப்பட்டுக் கிடக்கும். வாய்க்கால் தூர்ந்திருக்கும். ஆற்றோரத்து வயல் என்றால் மணல் மூடியிருக்கும். அதை அள்ளி வெளியே போடாமல் அடுத்த போகமும் இல்லை. போட்ட யூரியா வெள்ளத்தோடு போய்விட்டது.

இனி இரண்டு வழி. விட்டுவிடலாம், அல்லது குறுகிய கால நெல்லை மறுபடி விதைக்கலாம். மறுவிதைப்புக்குத் திரும்பவும் உழவு, விதை, பசளை என்று எல்லாச் செலவும் உண்டு. அந்தப் பயிர் பழுக்கிற நேரம் அயல் வயல் எல்லாம் அறுத்து முடிந்திருக்கும். அறுவடை மெசின் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். ஊரிலுள்ள குருவியும் கட்டாக்காலி மாடும் பிந்திப் பழுத்த அந்த ஒரு வயலுக்குத்தான் வரும். மேட்டில் போட்ட கச்சானுக்கு மறுவிதைப்பே கிடையாது. தண்ணீர் தேங்கினால் நிலத்துக்குள் காய் அழுகும், அல்லது பிடுங்க முதலே முளைக்கும்.

இப்போது காசைப் பார்ப்போம். கணக்குக்காக ஏக்கருக்கு 1,500 கிலோ விளைச்சல் என்று வைப்போம். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா. ஆக, ஓர் ஏக்கரின் வரவு 180,000 ரூபா. டிட்வாவுக்குப் பிறகு நெல்லுக்கு அரசு அறிவித்த நட்டஈடு ஹெக்டேயருக்கு 150,000 ரூபா. ஏக்கருக்கு 60,000 ரூபாவுக்குச் சற்று மேல். வர இருந்ததில் மூன்றிலொன்று. செலவழித்ததை மீட்க அது உதவலாம். ஆனால் மிச்ச மூன்றில் இரண்டில் ஏற்கெனவே பலருக்குப் பங்கு இருக்கிறது.

அந்தப் பங்காளிகள் யார்? பசளையும் கிருமிநாசினியும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர். அறுவடையில் நெல்லாகத் தாருங்கள் என்று முற்பணம் தந்த மில்காரர். உழவுக்காகச் சங்கிலியை வாங்கி வைத்துக்கொண்ட அடகுக் கடை. வெள்ளம் வந்த மாதத்திலும் வட்டி ஓடும். சிறுபோகத்தில் மீட்டுவிடலாம் என்றால், குளத்துத் தண்ணீரைப் பொறுத்துச் சிறுபோகத்துக்கு நிலத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அடுத்த காலபோகத்துக்கு முதல் வேண்டும். அதற்கும் ஒரு கடன். அந்த விளைச்சல் பழைய கடனுக்கும் புதிய கடனுக்குமாகப் பிரிந்து போகும். மூன்று நாள் வெள்ளம் மூன்று போகத்துக் கடனாவது இப்படித்தான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

2024 நவம்பரில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் மூழ்கடித்தபோது, ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா நட்டஈடு என்று அரசு அறிவித்தது. நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கே அது. முல்லைத்தீவு மண்ணுக்குப் பேர்போன கச்சான் அந்த ஆறில் இல்லை. கத்தரி, பயற்றை, பப்பாசி எதுவும் இல்லை. 2025இல் பட்டியல் நீண்டது, மரக்கறிக்கும் இடம் கிடைத்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனாலும் பட்டியல் பயிரை வைத்தும் நிலத்தை வைத்துமே எழுதப்படுகிறது.

நிலம் யார் பெயரில் பதிவோ, நட்டஈடும் அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். குத்தகைக்கு எடுத்து விதைத்தவர் நிலச் சொந்தக்காரரின் தயவில் நிற்கிறார். நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு அந்தத் தயவும் இல்லை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில், இன்னும் காணி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மற்றவர் வயலில் கூலிக்கு நிற்பவர்கள் உண்டு. களை பிடுங்கவும் கச்சான் ஆயவும் போகிற பெண்கள் இவர்களில் அதிகம். வயல் மூழ்கினால் தை மாதத்து வேலையும் மூழ்குகிறது. அவர்களுடைய இழப்பைப் பதிய எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அமர்த்தியா சென் 1981இல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் காட்டிய 1974 வங்கதேசம் இங்கே நினைவுக்கு வரவேண்டும். அந்த ஆண்டு அங்கே தலைக்குக் கிடைத்த அரிசியின் அளவு முந்திய ஆண்டுகளைவிடக் குறையவில்லை. வெள்ளத்தால் வயல் வேலை நின்றது, கூலி நின்றது, அரிசி விலை ஏறியது. அரிசி இருந்த நாட்டில் கூலிக்காரர்கள் பட்டினி கிடந்து செத்தார்கள். அவர்களைக் கொன்றது வாங்க வழியில்லாமல் போனதுதான் என்பது சென்னின் முடிவு. விசுவமடுவில் பஞ்சம் இல்லை. ஆனால் வேலை மூழ்கினால் கடையில் அரிசி இருந்தும் பயனில்லை என்ற விதி இங்கும் அதேதான்.

இன்னொரு பிளவும் இருக்கிறது. கனடாவிலோ சுவிசிலோ உடன்பிறந்தவர் இருக்கிற வீட்டுக்கு வெள்ளம் வடிய முதலே காசு வந்துவிடும். வெளியில் ஆளில்லாத வீடு வட்டிக்காரரிடம் போகும். வெள்ளம் இரண்டு வளவுக்குள்ளும் ஒரே உயரத்துக்குத்தான் வந்தது. மறு ஆண்டு பார்த்தால் ஒரு வளவில் மதில் எழும்பியிருக்கும், மற்ற வளவில் மாடு குறைந்திருக்கும்.

எழும்ப முதல் அடுத்த அடி

விசுவமடுவின் சொத்தெல்லாம் இளம் சொத்து. 1960களில் படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டிக் குடியேறிய ஊர் இது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்திய 1970களில் இங்கே மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த விலை விழுந்தது. ஒரு துளி மழையில்லாமல் வந்த பேரிடர் அது. 2009 ஜனவரியில், போருக்கு நடுவே, அருகிலுள்ள கல்மடுக்குளத்தின் அணைக்கட்டு தகர்க்கப்பட்டது. வயல்களின் மேல் ஓடிய அந்த வெள்ளத்துக்கும் மழை காரணமில்லை. அந்த மாதமே ஊர் வெறுமையானது. இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் தறப்பாளுக்குக் கீழிருந்து எல்லாவற்றையும் இரண்டாம் முறை தொடங்கினார்கள். இன்று இங்கே நிற்கிற வீடு, கிணறு, பட்டி எதற்கும் பெரும்பாலும் பதினாறு வயதுக்கு மேல் இல்லை.

அப்படி எழும்பியவற்றின் மேல் விழுந்த அடிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. 2016–17இல் பெரும் வறட்சி. நாட்டின் நெல் உற்பத்தி 2016இல் 44 லட்சம் தொன்னாக இருந்தது, 2017இல் 24 லட்சம் தொன்னுக்கு இறங்கியது. 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம். புனரமைத்துத் திறந்து இரண்டு கிழமைதான் ஆன இரணைமடுக்குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் புரெவி புயல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை. 2022இல் நாட்டின் பொருளாதாரமே சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இரவோடிரவாக விறைத்துச் செத்தன. மழையில் நனைந்து, ஒதுங்க இடமில்லாமல் வெளியில் நின்ற பட்டிகள்தான் அதிகம் அழிந்தன. 2024 நவம்பரில் வெள்ளம். 2025 நவம்பரில் டிட்வா.

ஒரு கடன் தீர மூன்று போகம். ஆனால் அடிகளுக்கு நடுவே இரண்டு ஆண்டு கூட இல்லை. பொருளாதாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று அறிக்கைகள் சொல்லும்போது, இங்கே திரும்பிப் போகப் பழைய நிலை என்று ஒன்று இல்லை.

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் வன்னி பார்த்துவிட்டது. போருக்குப் பின் வீதிக்கு வீதி முளைத்த நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தன. வறட்சியில் தவணை தவறியபோது வீட்டு வாசலில் வந்து நின்றன. 2018இல் அரசு தலையிட்டது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. வறட்சி 2016இல், நிவாரணம் 2018இல். அந்த இரண்டு ஆண்டில் எத்தனை தாலிக்கொடி போனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பேரிடருக்கு நாட்காட்டி உண்டு

மேலே உள்ள வரிசையில் வெள்ளத்தையும் புயலையும் மட்டும் எடுத்துத் திகதியைப் பாருங்கள். 2018 டிசம்பர் 21. 2020 டிசம்பர் 2. 2022 டிசம்பர் 8. 2024 நவம்பர் கடைசி வாரம். 2025 நவம்பர் 28. ஐந்தும் கார்த்திகை நடுப்பகுதிக்கும் மார்கழி முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட நாலு கிழமைக்குள். தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய 1964ஆம் ஆண்டுப் புயலும் டிசம்பர் 22, 23தான். எந்த ஆண்டு வரும் என்பது தெரியாது. வந்தால் எந்த மாதத்தில் வரும், அப்போது பயிருக்கு எத்தனை நாள் வயது, கமக்காரர் கையில் காசு இருக்குமா என்பதெல்லாம் வன்னியில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

நாட்காட்டி இல்லாதது நிவாரணத்துக்குத்தான். வெள்ளம் வடிந்த பிறகு கிராம அலுவலர் வருவார். கமநல சேவை நிலையத்தில் படிவம், பிரதேச செயலகத்தில் பட்டியல், மாவட்டச் செயலகத்தில் சரிபார்ப்பு, கொழும்பில் ஒதுக்கீடு. ஒவ்வொரு மேசையிலும் நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் மறுவிதைப்புக்கு மார்கழி நடுப்பகுதிக்குள் வேண்டிய காசு சித்திரையில் வந்தால் அது வட்டிக்குத்தான் போகும். தொகை எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் சண்டை நடக்கிறது. எந்தத் திகதி என்று யாரும் கேட்பதில்லை.

பிந்திய நிவாரணத்தின் மிகப் பெரிய பாடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரை அழிந்தது. உதவிகளைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தாக 2005 ஜூன் 24 ஆகியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உலகம் தந்த காசு இருந்தது. வந்து சேர வழி இருக்கவில்லை.

திகதியை முன்னுக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஜூலையில் ஜமுனா நதி கரைபுரளப் போகிறது என்ற எதிர்வுகூறல் வந்ததும், வங்கதேசத்தில் 23,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வெள்ளம் உச்சத்துக்கு வர முதலே தலா 4,500 டாக்கா கிடைத்தது. உலக உணவுத் திட்டம் அதைக் கைத்தொலைபேசி வழியாக அனுப்பியது. சின்னத் தொகைதான். ஆனால் மாட்டை அறாவிலைக்கு விற்காமல் இருக்கவும், உணவு வாங்கி வைக்கவும் வேண்டிய நாளில் அது கையில் இருந்தது. யாருக்கு, எவ்வளவு, நதி எந்த அளவைத் தாண்டினால் என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

வன்னியில் இதைச் செய்யப் புதிதாக ஒரு சபை தேவையில்லை. ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. அரச அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவைகள் திணைக்களம், வங்கிகள், கமக்கார அமைப்புகள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். விதைப்புத் திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி, உழவுக் கூலி வரை அங்கே தீர்மானமாகிறது. அதே கூட்டத்தில் இன்னும் மூன்று தீர்மானங்கள் வேண்டும். குளத்து நீர்மட்டமும் மழைவீழ்ச்சியும் எந்த அளவைத் தாண்டினால், எத்தனை நாளுக்குள் மறுவிதைப்புக் காசு வங்கிக் கணக்குக்கு வரும் என்பது ஒன்று. அந்த அளவைத் தாண்டிய நாளிலிருந்து அடகுக்கும் பயிர்க் கடனுக்கும் வட்டி ஓடாது என்பது இரண்டு. குத்தகைக்கு விதைத்தவரும் கூலிக்குப் போகிறவரும் அந்தப் பட்டியலில் ஐப்பசியிலேயே பதியப்படுவார்கள் என்பது மூன்று.

120 அடிப் பாலத்தை இன்னொரு நாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து ஒரு மாதத்துக்குள் போட முடிந்தது. கிளிநொச்சி வங்கியிலிருந்து விசுவமடுவுக்குக் காசு வருவதற்கு விமானம் தேவையில்லை. ஒரு திகதி குறித்தால் போதும். அடுத்த காலபோகக் கூட்டத்தில் அந்தத் திகதியைக் கமக்கார அமைப்புகள் கேட்டு வாங்கவேண்டும். பதில் கூட்டக் குறிப்பில் எழுத்தில் பதியும் வரை மண்டபத்தை விட்டு எழும்பக் கூடாது.